மதுரைச் சமவெளியில் புற்றுநோய்க் கணக்கு: ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

நாட்டு வரலாறு எழுதப் புகுவார் அரசர்தம் ஆட்சியாண்டுகளையும் போர்களையும் கோயிற் கொடைகளையும் முறைப்படுத்தி ஆராய்வர். குடிமக்கள் எந்நோயால் வாடினர், எத்துணைப் பேர் வாடினர் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. சான்றுகள் அரியவாதலின் இவ்வினா கைவிடப்பட்டது எனலாம். ஆயினும் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சிகள் தமிழகத்தில் நடைபெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று பழைய மதுரை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை என்னும் சிற்றூரில் தோன்றியது. அம்முயற்சியின் வரலாற்றையும், புற்றுநோயை எண்ணுதல் என்னும் செயலின் இயல்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத் துறைக்குரிய பொருளைத் தமிழாய்வு இதழில் எழுதுவது பொருந்துமோ என ஐயுறுவார் உளர். எண்ணுதற்கு முன் பெயரிடல் வேண்டும். பெயரிட்டபின் ஒருவரை இருவராக மயங்காது பிரித்தறிதல் வேண்டும். முன்னது சொல்லாராய்ச்சி, பின்னது ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தெளியும் பதிப்பாசிரியர் பணியோடு ஒத்தது. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

2. சொல்லும் வகையும்

புற்று என்னும் சொல் கறையான் எழுப்பும் மண்மேட்டைக் குறிக்கும். உடலில் தோன்றி மேன்மேலும் வளர்ந்து அரிக்கும் புண்ணுக்கு அப்பெயர் ஆகி வந்தமை எளிதில் விளங்கும். சித்த மருத்துவ நூல்களில் கன்னப்புற்று முதலிய பெயர்கள் பயில்கின்றன. பிளவை என்னும் சொல்லும் ஆறாப் புண்களுக்கு வழங்கியுள்ளது. ஆயின் இப்பெயர்கள் யாவும் இற்றை மருத்துவர் கூறும் புற்றுநோயையே குறித்தன எனத் துணிதல் கூடாது. கண்ணாற் கண்ட தோற்றம் பற்றி அமைந்தவை பழைய பெயர்கள். நுண்ணோக்கியாற் கண்ட உயிரணுக்களின் மாற்றம் பற்றி அமைந்தது புதிய பெயர்.

ஈண்டுப் பிறிதொன்றும் கருதத்தக்கது. சித்த மருத்துவ மரபு நோய்களை 4448 என எண்ணிக் கூறும். இது நோய் வகைகளின் எண்ணிக்கை, நோயாளரின் எண்ணிக்கையன்று. ஊரில் இத்தனை பேருக்கு இந்நோய் வந்தது என்னும் கணக்கு மருத்துவனுக்குத் தேவைப்படவில்லை. தன்முன் நிற்பவன் நோயைத் தீர்த்தலே அவன் கடமையாயிருந்தது. மக்கள் கூட்டத்தை ஒருங்கே நோக்கும் பார்வை வேறொரு காலத்தில், வேறொரு தேவையாற் பிறந்தது.

3. நிகழ்வும் இருப்பும்

இத்துறையார் இருவகைக் கணக்குகளை வேறுபடுத்துவர். ஒரு குறித்த காலத்தில் ஒரு குறித்த மக்களிடையே புதிதாகத் தோன்றும் நோயாளரின் கணக்கு நிகழ்வு வீதம் எனப்படும். ஒரு குறித்த நாளில் நோயோடு வாழ்வோர் அனைவரின் கணக்கு இருப்பு வீதம் எனப்படும். மதுரை வட்டாரத்தார்க்கு இவ்வேறுபாட்டைக் கண்மாய் கொண்டு விளக்கலாம். கண்மாய்க்கு ஓராண்டில் வந்து சேரும் நீர் வேறு. இன்று கண்மாயில் நிற்கும் நீர் வேறு. மடைவழி வெளியேறும் நீர் குறையின், வரத்துப் பெருகாமலே நீர்மட்டம் உயரும். அவ்வாறே மருத்துவம் சிறந்து நோயாளர் நெடுநாள் வாழ்வாராயின், புதுநோய் மிகாமலே இருப்பு மிகும். ஆதலின் நோய் பெருகுகின்றதா என அறிய விரும்புவார் வரத்தையே அளத்தல் வேண்டும்.

நிகழ்வு வீதம் கணக்கிடுதற்கு மேலெண்ணும் கீழெண்ணும் வேண்டும். மேலெண், ஓராண்டிற் கண்டறியப்பட்ட புதுநோயாளர் தொகை. கீழெண், அவ்விடத்து வாழும் மக்கள் தொகை. எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் மக்கள் வாழும் இடத்தில் ஓராண்டில் 600 பேர் புதிதாக நோயுற்றனர் எனக் கொள்வோமாயின், இலட்சத்திற்கு 60 என்பது வீதமாம். இதனை உள்ளவாறே கொண்டு ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிடுதல் தவறாகும். புற்றுநோய் பெரும்பாலும் முதியோரைப் பற்றுவது. முதியோர் மிக்க ஊரில் வீதம் இயல்பாகவே மிகும். இக்குறை நீங்க, இரண்டு ஊர்களும் ஒரே வயதமைப்பு உடையன எனக் கருதிக் கணக்கைத் திருத்துவர். அதற்கென உலகப் பொது மக்கள்தொகை ஒன்றைச் சப்பானிய அறிஞர் செகி 1960இல் வகுத்தார். அது பின்னர்ச் சிறிது திருத்தப்பெற்று இன்றளவும் பயன்படுகின்றது. இவ்வாறு திருத்திய எண்ணை வயதுசீர் வீதம் எனக் குறிப்போம்.

4. பிற நாட்டு முன்னோடிகள்

புற்றுநோயை நாடளாவ எண்ணும் முயற்சி செருமனியில் 1900ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாளன்று தம்மிடம் மருத்துவம் பெறும் புற்றுநோயாளர் அனைவரையும் பற்றி எழுதியனுப்புமாறு நாட்டு மருத்துவர் யாவர்க்கும் வினாத்தாள் அனுப்பப்பட்டது. பாதிக்குச் சற்று மேற்பட்டோரே விடையனுப்பினர். அம்முயற்சி தோல்வியெனவே கருதப்பட்டது. தாமே எழுதியனுப்புவார் என மருத்துவரை நம்பியிருத்தல் போதாது என்பது இத்தோல்வி தந்த பாடமாகும்.

அதற்குக் காலூருநூற்றாண்டின் பின்னர் ஆம்பர்க்கு நகரில் வேறுமுறை கையாளப்பட்டது. 1926இல் தொடங்கிய அப்பணியில் மூன்று செவிலியர் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களிடத்தும் முறையாகச் சென்று புதுநோயாளரின் பெயர்களைக் குறித்து வந்தனர். அப்பெயர்ப்பட்டி வாரந்தோறும் இறப்புச் சான்றுகளோடு ஒப்பிடப்பட்டது. தேடிச் சென்று எழுதுதல், இறப்பேட்டோடு ஒப்பிடுதல் என்னும் இவ்விரண்டுமே பின்வந்த பதிவகங்கள் பலவற்றிற்கும் அடிப்படையாயின. ஒரு நாடு முழுவதையும் தழுவிய முதற்பதிவகம் தென்மார்க்கில் 1942இல் தோன்றியது. பல நாட்டு வீதங்களையும் ஒருங்கே தரும் 'ஐந்து கண்டங்களிற் புற்றுநோய் நிகழ்வு' என்னும் நூல்வரிசையின் முதற்றொகுதி 1966இல் வெளிவந்தது.

5. தமிழகத்தில் நிகழ்ந்தவை

தமிழகத்தில் எண்ணுதற்கு முன்னரே உற்றுநோக்கல் நடைபெற்றது. சென்னையில் நிப்லாக் என்பார் 1902இல் வாய்ப்புற்றுப் பற்றி எழுதினார். அக்காலத்துத் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்து, 1956இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்து நெய்யூரில், மருத்துவர் ஓர் என்பார் வெற்றிலையும் புகையிலையும் மெல்லுவோரிடையே காணும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ஆய்வுரை வெளியிட்டார். இவை அருமையான முயற்சிகள். ஆயினும் இவை மருத்துவமனைக்கு வந்தாரை நோக்கி எழுந்தவை. வாராதார் எத்துணையர், சூழவாழ்வோர் எத்துணையர் என்பன இவற்றால் விளங்கா.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அம்மையாரின் இடைவிடா முயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இன் இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை வகுத்தபோது, சென்னை நகர்க்குரிய பதிவகத்தை நடத்தும் பொறுப்பு இந்நிலையத்திற்கு வந்தது. 1982 முதல் சென்னையின் நிகழ்வு வீதம் கணக்கிடப்படலாயிற்று. பம்பாயில் இத்தகைய பதிவகம் 1960களிலேயே தோன்றிவிட்டது. இவை பெருநகர்க் கணக்குகள். இந்திய மக்களுட் பெரும்பான்மையோரோ சிற்றூர்களில் வாழ்ந்தனர். மகாராட்டிரத்துப் பார்சியில் 1987இல் தொடங்கிய ஊரகப் பதிவகமே இக்குறையை நீக்க எழுந்த முதல் முயற்சியாகும்.

6. வந்தாரும் வாழ்வாரும்

மதுரை நகரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. எர்ஸ்கின் மருத்துவமனை என முன்னர் வழங்கிய அரசு இராசாசி மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் தென்மாவட்டங்கள் பலவற்றிற்கும் புகலிடமாயின. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் ஆகிய பகுதிகளினின்றும் நோயாளர் மதுரைக்கு வருகின்றனர். மதுரை மருத்துவமனைகளின் ஏடுகளை மட்டும் கொண்டு மதுரையிற் புற்றுநோய் மிகுதி என்று ஒருவர் கூறின், அவர் மேலெண்ணை ஆறு மாவட்டங்களினின்றும் கீழெண்ணை ஒரு நகரினின்றும் எடுத்தவராவர். மதுரைக்கு வந்த நோயாளர் வேறு. மதுரையின் நோயாளர் வேறு. மறுதலையாக, மதுரையினின்று சென்னைக்கோ வேலூருக்கோ மருத்துவம் நாடிச் சென்றவர் மதுரைக் கணக்கில் விடுபடுவர். மருத்துவமனைசார் பதிவகத்திற்கும் மக்கள்தொகைசார் பதிவகத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம். பின்னது, ஓரிடத்தில் ஓராண்டேனும் வாழ்ந்தாரையே அவ்விடத்தாராகக் கொண்டு, அவர் எங்குச் சென்று மருத்துவம் பெற்றாலும் தேடிப் பதிவது.

எல்லை மாற்றமும் கீழெண்ணைப் பாதிக்கும். திண்டுக்கல் 1985இல் மதுரை மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது; பின்னர்த் தேனியும் பிரிந்தது. ஆதலின் 'மதுரை மாவட்டம்' என்னும் பெயர் 1981ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் குறிக்கும் நிலப்பரப்பு ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கிற் குறிப்பது மற்றொன்று. பாண்டிநாட்டுப் பிரிவுகளின் பெயர்கள் காலந்தோறும் பொருள் வேறுபட்டமையைக் கல்வெட்டாய்வார் அறிவர். அவ்வெச்சரிக்கை இங்கும் வேண்டும். மேலும் 2021இல் நடைபெற்றிருக்கவேண்டிய குடிக்கணக்கு அவ்வாண்டில் நடைபெறாமையின், 2011க்குப் பிற்பட்ட ஆண்டுகளின் கீழெண் மதிப்பீட்டளவிலேயே அமைந்தது.

7. அம்பிளிக்கைப் பதிவகம்

அம்பிளிக்கையில் கிறித்தவத் தோழமைச் சமுதாய நல மையம் 1990களின் இடைப்பகுதியில் ஊரகப் பதிவகம் ஒன்றைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்த ஏறத்தாழ 4 இலட்சம் மக்களே இதன் எல்லைக்குட்பட்டனர். அதன் முதற்கணக்கு 2000ஆம் ஆண்டில் வெளியானபோது அறிஞர் திடுக்குற்றனர். பெண்களிடையே கருப்பை வாய்ப்புற்றின் வயதுசீர் வீதம் இலட்சத்திற்கு 60க்கும் மேற்பட்டிருந்தது. உலகில் அதுகாறும் பதிவான மிகவுயர்ந்த வீதங்களோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கது இது.

பின்னர் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்தின் துணையோடு பதிவகத்தின் எல்லை திண்டுக்கல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் இதன் எல்லைக்குட்பட்டனர். 2003 முதல் 2006 வரையுள்ள நான்கு ஆண்டுகளில் 102 இடங்களைத் தேடிச் சென்று 4516 புதுநோயாளரைப் பதிந்தனர். ஆண்களின் வயதுசீர் வீதம் 51.9; பெண்களின் வீதம் 62.6. ஆண்களிடையே இரைப்பைப் புற்று முதலிடமும் வாய்ப்புற்று அடுத்த இடமும் பெற்றன. பெண்களிடையே கருப்பை வாய்ப்புற்று 22.1 எனவும், மார்பகப் புற்று 10.9 எனவும் கணக்கிடப்பட்டன. இவ்வூரகப் பதிவகத்தின் எண்கள் 'ஐந்து கண்டங்களிற் புற்றுநோய் நிகழ்வு' நூலின் 10ஆம் தொகுதியில் இடம்பெற்றன.

முதற்கணக்கில் 60க்கு மேல், பிற்கணக்கில் 22 எனக் காண்பார், சில ஆண்டுகளில் நோய் மூன்றிலொரு பங்காகச் சுருங்கிற்று என முடிவு கட்டக்கூடும். அம்முடிவு பொருந்தாது. முன்னது சிறுபரப்பின் கணக்கு. பின்னது மாவட்டக் கணக்கு. முன்னதன் நடுவிடம் மருத்துவமனையும் தேடலும் செறிந்த பகுதி. ஒரே பெயரால் வழங்கும் இரண்டு ஏடுகளின் மூலம் வேறு வேறாயின், அவற்றின் பாடவேறுபாட்டைக் கொண்டு ஆசிரியர் கருத்து மாறிற்று எனக் கூறலாமோ? ஏடுகளின் வழியை முதலில் ஆராய்தல் வேண்டும்.

8. பெயராற் பிறக்கும் இடர்

பதிவகப் பணியாளர்க்கு நேரும் இடர்களுள் தமிழாய்வார் தெளிவாக உணரத்தக்கது பெயரிடர். ஒருவர் மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றிருப்பின் மூன்று ஏடுகளிலும் அவர் பெயர் இருக்கும். மூன்றையும் ஒருவராகக் காணாவிடின் வீதம் பொய்யாக உயரும். மூவரை ஒருவராக மயங்கின் பொய்யாகத் தாழும். மதுரை வட்டாரத்தில் மீனாட்சி, பாண்டி, அழகர், முனியாண்டி, கருப்பாயி என்னும் பெயருடையார் எண்ணிலர். குடும்பப் பெயர் இட்டு வழங்கும் வழக்கம் பெரும்பாலும் இன்மையின், தலைப்பெழுத்து ஒன்றே வேறுபடுத்தும் கருவியாகின்றது. பெண்டிர்க்கோ மணத்திற்கு முன் தந்தையின் தலைப்பெழுத்தும், பின் கணவன் தலைப்பெழுத்தும் வழங்கும், ஊரும் மாறும். மருத்துவமனை ஏடுகள் ஆங்கில எழுத்தில் அமைவதால் அழகர் என்னும் பெயரிலுள்ள ழகரம் ஓரிடத்து லகரம்போலவும் பிறிதோரிடத்து வேறாகவும் எழுதப்படும். ஆகவே வயது, ஊர், நோயுற்ற உறுப்பு, கண்டறிந்த நாள் ஆகியவற்றை ஒருங்கு வைத்தே ஒருவர் ஒருவரே எனத் துணிவர்.

இறப்பேடு மற்றோர் இடர். நகரத்து இறப்புச் சான்றில் மருத்துவர் கூறிய காரணம் பெரும்பாலும் இருக்கும். சிற்றூரில் வீட்டில் இறந்தார்க்கு வயிற்றுவலி, முதுமை என்பன போன்றவையே காரணமாக எழுதப்படுதல் உண்டு. புற்று என்னும் சொல்லை வாயாற் கூறவும் அஞ்சி, அந்த நோய் எனக் குறிப்பாற் கூறும் இடக்கரடக்கல் வழக்கும் உண்டு. ஒரு சொல்லைக் கூறாது விடுத்தலால் ஓர் உயிர் கணக்கினின்று விடுபடுகின்றது. ஆதலாற்றான் பணியாளர் ஊர்களுக்குச் சென்று இறந்தாரின் உறவினரிடம் கேட்டறிய வேண்டியதாயிற்று.

9. இன்மையும் காணாமையும்

திண்டுக்கல் மாவட்டத்தின் மொத்த வீதம் அக்காலத்துச் சென்னை வீதத்திற் பாதியளவே. இதற்கு இருவகை விளக்கம் கூறலாம். சிற்றூர் வாழ்வில் நோய்க்குரிய காரணங்கள் சில குறைந்திருத்தல் ஒன்று; நோயிருந்தும் கண்டறியப்படாமற் போதல் மற்றொன்று. முன்னது நோயின் இன்மை. பின்னது நோயைக் காணாமை. தாளில் எழுதப்பட்ட எண் இரண்டையும் ஒன்றுபோலவே காட்டும். மார்பகப் புற்று நகரில் மிகுதலும் சிற்றூரிற் குறைதலும் பிள்ளைப்பேற்று வழக்கம் முதலிய வாழ்வியல் வேறுபாடுகளோடு இயைவன. சென்னையிலேயே கருப்பை வாய்ப்புற்று முதலிடத்தினின்று படிப்படியாக இறங்க, மார்பகப் புற்று அவ்விடத்தை அடைந்தது. மூளை, குருதி ஆகியவற்றில் தோன்றும் புற்றுகளோ சிறந்த கருவியின்றி அறியப்படா. அவை சிற்றூரிற் குறைவெனக் காட்டும் எண்ணைக் காணாமையின் விளைவென ஐயுறுதல் தகும்.

இவ்வீதம் வெறும் ஏட்டளவினதன்று என்பதை அதே மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு காட்டிற்று. சங்கரநாராயணன் முதலிய அறிஞர் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களை 114 ஊர்த்தொகுதிகளாக வகுத்தனர். அவற்றுட் பாதித் தொகுதிகளில் வாழ்ந்த 49,311 பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் நோக்கும் எளிய சோதனை அளிக்கப்பட்டது, உடன்பட்டாரே சோதிக்கப்பட்டனர். எஞ்சிய தொகுதிகளிலிருந்த 30,958 பெண்கள் ஒப்பீட்டிற்குரியராயினர். சோதனை அளிக்கப்பட்ட தொகுதிகளில் கருப்பை வாய்ப்புற்றின் நிகழ்வு 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என 2007இல் வெளியிட்டனர். புற்றாக முதிருமுன்னரே மாற்றங்களைக் கண்டு நீக்கியமையால் நிகழ்வு குறைந்தது.

இம்முடிவைக் கூறுதற்குச் சோதனை மட்டும் போதாது. இரு பகுதியிலும் பின்னர்த் தோன்றிய புதுநோயாளர் அனைவரையும் ஒரே அளவாகத் தேடிப் பதிந்தால் அன்றோ ஒரு பகுதியிற் குறைந்தது என்பது விளங்கும்? அப்பணியைச் செய்தற்குப் பதிவகம் முன்னரே அமைந்திருந்தது. எண்ணும் ஏடு இல்லாவிடின், காக்கப்பட்ட உயிர்களும் காக்கப்பட்டன என அறியப்படாமலே போயிருக்கும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மருத்துவமனைக்கு வந்தார் தொகை எத்துணைப் பெரிதாயினும் அது நிகழ்வு வீதமாகாது. எல்லையும் காலமும் வேறுபட்ட கணக்குகளை அவ்வேறுபாடு கருதாது ஒப்பிடல் பிழை. வீதத்தின் தாழ்வு நலத்தின் சான்றாகவும் கூடும். புறக்கணிப்பின் சான்றாகவும் கூடும். இவ்விரண்டனுள் எதுவெனத் துணிதற்குப் பதிவு நிகழ்ந்த முறையை ஆராய்தலே வழியாகும்.

2012ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு தமிழகம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் விரிக்கப்பட்டது. மதுரை நகரும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய சூழ்பகுதிகளும் அதன் எல்லையுள் அடங்கின. இதனால் மதுரைக்கு வந்தார் கணக்கோடு மதுரையில் வாழ்வார் கணக்கும் காணும் வாயில் திறந்தது. அவ்வெண்களைப் பயன்கொள்ளும் வரலாற்றாசிரியர் அவற்றை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஓர் ஏட்டை ஆராய்வதுபோல அவை பிறந்த வழியை ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். பழங்காலத்துக் குடிமக்கள் எந்நோயால் மாண்டனர் என நாம் அறியோம். எழுதி வைத்தார் இலர். நம் காலத்துச் சிற்றூர்ப் பெண்ணொருத்தியின் நோய் எழுதப்படாது போமாயின், பிற்காலத்தார் அவளுக்கு நோயே இல்லை எனக் கொள்வர்.